‘தேவைப்பட்டால் வரவும்’: மாவுக்கட்டும் மருத்துவச் சீட்டின் மொழியும்

எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஒருவரின் கையிலுள்ள புறநோயாளிச் சீட்டை வாங்கிப் பார்த்தால், அதன் அடியில் பெரும்பாலும் மூன்று குறிப்புகள் இருக்கும்: லிம்ப் எலிவேஷன், ஆக்டிவ் ஃபிங்கர் மூவ்மென்ட்ஸ், ரிவ்யூ எஸ்.ஓ.எஸ். பாட்னாவிலும் பெங்களூருவிலும் தில்லியிலும் கையெழுத்து மாறலாம்; வாசகம் அவ்வளவாக மாறுவதில்லை. முதல் இரண்டும் ஆங்கிலம். மூன்றாவது ஆங்கிலம்கூட அன்று.

எஸ்.ஓ.எஸ். என்றதும் மூழ்கும் கப்பலின் அபாயக் குறியை நினைத்துக்கொள்பவர்கள் படித்தவர்களிலேயே உண்டு. மருத்துவச் சீட்டில் அது ‘சி ஓபுஸ் சிட்’ என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம். ‘தேவை ஏற்படின்’ என்பது பொருள். இலக்கணப்படி பார்த்தால் இது நிபந்தனை வாக்கியம். ஆனால் நிபந்தனையின் உள்ளடக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எது தேவை? அதை யார் முடிவு செய்வது? எத்தனை மணிக்குள் வர வேண்டும்? எந்த வாயிலுக்கு வர வேண்டும்? இவற்றில் ஒன்றுக்கும் அந்த மூன்றெழுத்தில் விடை இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக எலும்பை முறித்துக்கொண்ட ஒருவரிடம், மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பயின்றவர் செய்ய வேண்டிய மதிப்பீட்டை ஒப்படைத்துவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கிறது மருத்துவம். நோயாளிக்குச் சொல்லும் சொல் சிகிச்சையின் பகுதியன்று, சிகிச்சைக்குப் பிறகு காட்டும் மரியாதை என்னும் எண்ணமே இதன் வேர். அந்த எண்ணம் பிழையானது. மாவுக்கட்டைப் பொறுத்தவரை அது உறுப்பையே காவுகொள்ளக்கூடிய பிழை.

காரணம் எளிது. முறிந்த எலும்பைச் சுற்றியுள்ள தசை வீங்கும். முதல் 2, 3 நாட்கள் வீக்கம் கூடும். தசைகள் விரிந்து கொடுக்காத உறையறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. அவற்றுக்கு வெளியே இறுகிய மாவுக்கட்டும் சேர்ந்துவிட்டால் வீக்கம் போக வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நுண்குழாய்களில் குருதியோட்டம் நிற்கிறது, தசையும் நரம்பும் சாகத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 6 மணி நேரம் இந்நிலை நீடித்தால் திரும்பி வராத சேதம் நேரலாம். அதன் பிறகு எலும்பு நேராகக் கூடிவிடும். விரல்கள் மடங்கி, மணிக்கட்டு வளைந்து, பறவையின் நகம்போல் இறுகிப்போன கை மிஞ்சும். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்த குழந்தைகளிடம் இந்த அச்சம் மிகுதி. இந்த நிலைக்குப் பெயர் தந்த ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மான் என்னும் ஜெர்மன் அறுவை மருத்துவர், இறுக்கமான கட்டினால் குருதியோட்டம் தடைபடுவதே காரணம் என்று 1881-இலேயே எழுதிவிட்டார். (அவர் ரிச்சர்ட் லேயாண்டர் என்ற புனைபெயரில் சிறுவர் கதைகளும் எழுதியவர். எளிய சொல்லில் பேசுவது அறிவுக்கு இழுக்கென்று அவர் எண்ணவில்லை போலும்.) டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மாத்தைசன் மாவு பூசிய துணிக்கட்டைத் தம் பணியில் கையாளத் தொடங்கியது 1851-இல். கட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்குள் அதன் ஆபத்தும் தெரிந்துவிட்டது. அதைக் கட்டுக்குள் கை வைத்திருப்பவரிடம் சொல்வதற்கான வாக்கியம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

‘வலித்தால் வாருங்கள்’ என்று சொல்லத்தானே செய்கிறார்கள் எனலாம். எலும்பு முறிந்தவருக்கு வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வாக்கியத்தின்படி நடந்தால் அவர் மருத்துவமனையை விட்டுக் கிளம்பவே கூடாது. கவனிக்க வேண்டியது வலி இருப்பதை அன்று, வலியின் போக்கை. மருத்துவ நூல்கள் ‘காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி’ என்கின்றன. நூறு முறிவுகளைப் பார்த்த மருத்துவருக்கு இந்தத் தொடர் பொருள் தரும். ஒரே ஒரு முறிவை, அதுவும் தன் உடம்பில் மட்டும் அறிந்தவருக்கு எந்த அளவோடு ஒப்பிடுவது என்பதே தெரியாது. அவருக்குரிய வாக்கியம் வேறு: கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைத்தும், கொடுத்த மாத்திரையைப் போட்டும், வலி தணியாமல் மணிக்கு மணி கூடிக்கொண்டே போனால் உடனே வர வேண்டும், விரலை இன்னொருவர் மெல்ல நிமிர்த்தும்போது முழங்கை வரை உயிர் போகிற வலி எடுத்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இதில் இலத்தீன் இல்லை, கலைச்சொல் இல்லை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

மாணவர்கள் இந்த ஆபத்தின் அடையாளங்களை ‘ஐந்து பி’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். வலி, வெளிறல், ஊர்வதுபோன்ற உணர்வு, செயலிழப்பு, நாடியின்மை ஆகிய ஐந்தும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் நினைவில் நிற்கும். தேர்வுக்கு நல்ல உத்திதான். ஆனால் எழுத்தின் ஒற்றுமை ஐந்தையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. உண்மையில் அவை காலத்தால் முன்பின்னானவை. வலி முதலில் வரும். நாடி மறைவது கடைசியில், பெரும்பாலும் காலம் கடந்த பிறகு. நோயாளிக்கு வேண்டியது இந்தக் கால வரிசை. ‘விரல் நீலமானால் வா’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர், வீடு முழுவதும் எரிந்த பிறகு தீயணைப்பு நிலையத்துக்குச் சொல் என்று சொல்லி அனுப்புகிறார்.

இதைவிடக் கொடியது வலி குறைவது. நரம்பு சாகத் தொடங்கியதும் வலி மங்கி மரத்துப்போகும். கட்டின் உட்புற மேடு தோலை ஓரிடத்தில் அழுத்தும்போதும் இதுவே நிகழும்: முதலில் எரிச்சல், பிறகு அந்த இடம் மரத்து எரிச்சல் அடங்கிவிடும், சில நாள் கழித்து நாற்றமும் கட்டின்மேல் கறையும் தெரியும். ‘நேற்று ராத்திரி துடித்தேன், இன்று பரவாயில்லை’ என்ற சொல்லைக் கேட்டு வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். வலி அடங்கியதோடு விரலும் அசையாமல், தொட்டால் தெரியாமல் இருந்தால் அந்தப் ‘பரவாயில்லை’தான் மிக அவசரமான செய்தி. மொழியின் அன்றாட வழக்கு உடலின் உண்மைக்கு நேர் எதிராகப் போகும் இந்த இடத்தில் எச்சரிக்கை இல்லாத சீட்டு வெறும் காகிதம்.

இனி மொழியியலுக்கே உரிய இடம். ‘நம்ப்னெஸ் இருக்கிறதா’ என்னும் கேள்வியை மருத்துவர் இந்திக்கு மாற்றும்போது ‘சுன்ன் ஹோ கயா?’ என்று கேட்பார், தமிழில் ‘மரத்துப்போச்சா?’ என்று. இரண்டும் முற்றிய நிலையைக் குறிக்கும் சொற்கள். தொடக்க நிலையில் நோயாளி உணர்வது இந்தியில் ‘ஜுன்ஜுனி’, தமிழில் ‘விறுவிறுப்பு’ அல்லது எறும்பு ஊர்வது. ஆகவே அவர் ‘இல்லை’ என்று பதில் சொல்கிறார். பொய் சொல்லவில்லை, கேட்ட சொல்லுக்கு மிகச் சரியான விடையையே சொல்கிறார். மருத்துவர் குறித்துக்கொள்கிறார்: உணர்வு இயல்பு. தொடக்கத்திலேயே பிடித்திருக்க வேண்டிய அடையாளம் ஒரு சொல்லின் பொருள் எல்லையில் நழுவிவிடுகிறது.

இந்திய மொழிகளுக்கு இந்தத் துறையில் வறுமை இல்லை. தெலுங்கில் திம்மிரி, கன்னடத்தில் ஜோமு, மலையாளத்தில் தரிப்பு, வங்காளத்தில் ‘ஜிஞ்ஜி’ பிடித்தல். சில்வண்டுக்கும் வங்காளத்தில் அதுவே பெயர். தமிழில் திமிர் பிடித்தல் என்பது உறுப்புக்கும் பொருந்தும், ஆணவத்துக்கும் பொருந்தும். சுருக்கென்று, விண்விண்ணென்று, கடுகடுவென்று, குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று வலியின் போக்கையும் கால அளவையும் தாளத்திலேயே வைத்திருக்கும் சொற்கள் ஏராளம். இவ்வகை ஒலிக்குறிப்புச் சொற்கள் மொழிக்குடும்ப எல்லையைக் கடந்து இந்தியா முழுவதும் பரவிக் கிடப்பதை மர்ரே எமனோ 1969-இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். இந்தியாவை ஒரு மொழியியல் நிலப்பரப்பு என்று அவர் 1956-இல் முன்வைத்த கருத்துக்கு வலுச்சேர்த்த சான்றுகளில் இதுவும் ஒன்று. அக்கட்டுரை மொழியியல் துறைகளில் பாடமாக இருக்கிறது, தேர்வில் கேட்கப்படுகிறது. அந்தச் சொற்களில் எது தொடக்க நிலை, எது முற்றிய நிலை என்று எலும்பு முறிவுப் பிரிவின் கதவில் ஒட்டக்கூடிய ஒரு பக்க அட்டவணையை எத்தனை துறைகள் தயாரித்திருக்கின்றன? அட்டையும் புட்டமும் போல ஒரே வளாகத்தில் மருத்துவக் கல்லூரியும் மொழியியல் துறையும் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகங்களில்கூட அந்த அட்டவணை கண்ணில் படுவதில்லை.

‘நரம்பு’ என்னும் சொல்லையும் பாருங்கள். பொது வழக்கில் அது குருதிக்குழாய்க்கும் தசைநாணுக்கும் உணர்வு நரம்புக்கும் சேர்த்தே வழங்குகிறது. இந்தியின் ‘நஸ்’ அப்படியே. ‘நஸ் அமுங்கிவிட்டது’ என்று சொல்லும் நோயாளியைப் பார்த்துப் பயிற்சி மருத்துவர்கள் சிரிப்பதுண்டு. கட்டு இறுகினால் அமுங்குவது குழாயும் நரம்பும் இரண்டுமே என்பதால், சிரிப்பவரைவிடச் சொல்பவரே உண்மைக்கு அருகில் இருக்கிறார்.

மருத்துவமனையே உருவாக்கிய சொற்களும் உண்டு. வட இந்திய எலும்பு முறிவுப் பிரிவுகளில் ‘கச்சா பிளாஸ்டர்’, ‘பக்கா பிளாஸ்டர்’ என்னும் இணை நிலைபெற்றுவிட்டது. கச்சா என்பது சிலாப்: உறுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் மாவுப்பட்டையை வைத்துத் துணிக்கட்டால் சுற்றுவது, வீக்கத்துக்கு இடம் விடுவதற்காகவே முதலில் போடப்படுவது. பக்கா என்பது முழுச்சுற்றுக் கட்டு, வழக்கமாக வீக்கம் வடிந்த பிறகு போடுவது. ஆனால் கச்சா வீடு, பக்கா வீடு. கச்சா சாலை, பக்கா சாலை. கச்சா ரசீது, பக்கா ரசீது என்று வாழ்நாள் முழுவதும் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தச் சொற்கள் என்ன சொல்கின்றன? கச்சா என்பது அரைகுறை, ஏழைக்குப் போடுவது, நாளை உடைவது. அவர் முதல் நாளே பக்காவைக் கேட்டால் அதில் வியப்பில்லை. பாதுகாப்பானதைத் தாழ்வாகவும் ஆபத்தானதை உயர்வாகவும் காட்டும் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, நோயாளிக்கு அறிவு போதவில்லை என்று பேசுவது முறையன்று. (தமிழில் ‘மாவுக்கட்டு’ என்றதும் காவல் நிலையக் கழிவறையில் ‘வழுக்கி விழுந்தவர்’களின் படங்கள்தாம் இப்போது பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அது வேறொரு பதிவுக்குரிய செய்தி.)

மருத்துவப் பதிவேடுகளில் அடிக்கடி வரும் இன்னொரு வாசகம் ‘அறிவுரை வழங்கப்பட்டது’. செயப்பாட்டு வினை. யார் வழங்கினார், யாருக்கு, எந்த மொழியில், பெற்றவர் திருப்பிச் சொன்னது என்ன? வாக்கியத்தில் ஒன்றுமில்லை. ஜான் ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962-இல் நூலான உரைகளில் ‘எச்சரித்தல்’ என்னும் செயலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசுகிறார்: கேட்பவர் காதில் வாங்கி, உரிய பொருளில் எடுத்துக்கொண்டாலன்றி எச்சரிக்கை நிகழ்ந்ததாகச் சொல்ல இயலாது என்பது அவர் வாதம். அந்த அளவுகோலில் ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ எச்சரிக்கையே அன்று. ஆனால் கை கெட்டுப்போய் நோயாளி திரும்பி வந்தால் பதிவேடு மருத்துவமனைக்குச் சாட்சியாகிறது: அறிவுரை வழங்கப்பட்டது, நோயாளி பின்பற்றவில்லை. நடக்காத பேச்சுச் செயலுக்கு ஆவணம் இருக்கிறது. அதன் விலையை ஊமையாக நின்றவர் கொடுக்கிறார்.

‘பின்பற்றவில்லை’ என்னும் குற்றச்சாட்டின் பெரும்பகுதி அரிப்பைச் சுற்றியது. கட்டுக்குள் ஈர்க்குச்சி விட்டார், அளவுகோலை விட்டார், சீப்பின் வாலை விட்டார், தேங்காய் எண்ணெய் ஊற்றினார், பவுடர் கொட்டினார். ஆம், செய்யக் கூடாதவைதாம். உள்ளே கீறிய தோல் காற்றோட்டமில்லாத வெப்பத்தில் சீழ் பிடிக்கும். பவுடர் வியர்வையோடு கட்டியாகி உறுத்தும். ஆனால் ‘சொறியாதே’ என்பது மட்டும் ஓர் அறிவுரையா? 6 வாரம் ஜூன் மாதத் தில்லியில் கட்டோடு கிடப்பவரிடம் அதை மட்டும் சொல்வதற்குச் சொல்லாமலே இருக்கலாம். கட்டின் மேல் விரலால் தட்டலாம், மின்விசிறிக் காற்றைக் கட்டின் வாய்ப்பக்கம் விடலாம், முடி உலர்த்தியை வெப்பம் இல்லாமல் குளிர்காற்றில் வைத்து ஊதலாம் என்று மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவுரை. ஈரமும் அப்படியே. மாவுக்கட்டு சில நிமிடங்களில் இறுகிவிட்டாலும் முழுவதும் உலர 2, 3 நாட்கள் ஆகும். அதுவரை போர்வையால் மூடக் கூடாது, கல்தரையில் வைக்கக் கூடாது, தூக்கும்போது விரல் நுனியால் பற்றாமல் உள்ளங்கையால் தாங்க வேண்டும். விரல் பதிந்த குழி உள்ளே மேடாகித் தோலை அழுத்தும். கூடுதல் பணம் கொடுத்து ஃபைபர் கட்டு போட்டவருக்கோ ‘தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற அரை உண்மை சொல்லப்படுகிறது. மேலே உள்ள இழைக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே உள்ள பஞ்சு நனைந்தால் காயாது. தோல் ஊறி அழுகும். வளையல், மோதிரம், மெட்டி, காலில் கட்டிய கறுப்புக் கயிறு ஆகியவற்றைக் கட்டு போடுவதற்கு முன்பே கழற்ற வேண்டும் என்பதையும், அவற்றின் மங்கலப் பொருளை அறிந்தவராக நின்று ஒருவர் பேச வேண்டும். ‘ரிமூவ் ஆர்னமென்ட்ஸ்’ என்று எழுதிவிட்டால் மெட்டி கழன்றுவிடாது.

இந்நாட்டில் மருத்துவத்தின் மொழியைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறையவே இருக்கிறது, வேறிடத்தில். 2022 அக்டோபரில் போபாலில் இந்தி மருத்துவப் பாடநூல்கள் பெருவிழாவில் வெளியிடப்பட்டன. ஆதரித்தும் எதிர்த்தும் கட்டுரைகள் குவிந்தன. மருத்துவர் எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று நாடே வாதிட்டது. நோயாளியின் சீட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று இரு தரப்பிலும் கேட்டவர் அரிது. 1961-இல் அமைக்கப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொற்களை ஆக்கித் தந்துகொண்டிருக்கிறது. அவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். நோயாளிக்கு வேண்டியவை வினைகள்: உயர்த்து, அசை, அழுத்திப் பார், காத்திராதே, வா. வினைக்குக் கலைச்சொல் ஆணையம் எதற்கு என்ற கேள்வி சரியானதே. அதனால்தான் அந்தப் பணி ஒருவருடைய பணியாகவும் ஆகாமல் போயிற்று.

மாநில மொழியில் அச்சிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பாரும் உளர். முர்ஷிதாபாத்திலிருந்து பெங்களூருவுக்கு வந்து சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலச் சீட்டு அவருக்கு எப்படியோ, கன்னடச் சீட்டும் அப்படியே. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்து அரசு கண்ட தாய்மொழிகள் 1,369. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் என்று தொகுக்கப்பட்டவை 121. அட்டவணை மொழிகளோ 22. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2.6 இலட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறியாதவர். ஆக, அச்சுச் சீட்டு என்னும் வடிவமே, எம்மொழியில் இருந்தாலும், பலரை எட்டாது. மொழி உரிமை பேசுவோர் மாநில மொழியின் கொடியை மருத்துவமனை வாயிலில் ஏற்றிவிட்டு வெற்றி கொண்டாடும்போது, உள்ளே சாரத் தொழிலாளி கட்டைத் தூக்கிப் பிடித்தபடி யாராவது வங்காளம் பேசுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நோயாளிக்குப் புரியும் மொழியில், புரியும் அளவில் விளக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கையும் அன்று. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் அது இருக்கிறது; 2019-இல் மத்திய நலவாழ்வு அமைச்சகம் நோயாளர் உரிமைகளை மாநிலங்களுக்கு அனுப்பியும் வைத்தது. அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் பல மருத்துவமனைகளில் மாநில மொழியில் கிடைக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், போதிய விளக்கம் பெற்றுத் தந்த ஒப்புதலே ஒப்புதல் என்று தெளிவாக்கிவிட்டது. வழக்குக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் மொழி வந்துவிடுகிறது. மாவுக்கட்டுக்கு ஒப்புதல் படிவம் இல்லை. ஆகவே மொழியும் இல்லை.

நேரமில்லை என்பது மருத்துவர் தரப்பின் வலுவான மறுப்பு. அதைக் கேலி செய்வது அறமன்று. அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு காலைப் பொழுதில் ஓர் இளம் மருத்துவர் பார்க்கும் கூட்டத்தைக் கண்டவர் அவரிடம் சொற்பொழிவைக் கேட்க மாட்டார். ஆனால் பேச வேண்டியவர் அவர்தான் என்று யார் சொன்னது? மாவுக்கட்டு போடுவது பெரும்பாலும் பிளாஸ்டர் ரூமில் இருக்கும் தொழில்நுட்பாளரும் உதவியாளரும். மாவு இறுகும் வரை உறுப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்கத்தான் வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உண்மையில் அறிவுரை என்று ஏதேனும் நிகழ்கிறதென்றால் அங்கேதான் நிகழ்கிறது. ‘விரலை ஆட்டிக்கிட்டே இரு, தலையணை மேலே கையை வை, நகத்தை அழுத்திப் பாரு, வெளுத்த இடம் சட்டுனு சிவக்கணும்’ என்று பல ஊரார்க்குப் பல மொழியைக் கலந்து சொல்லிப் பழகியவர் அவர். அந்தப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தால் ஒரு முனைவர் பட்டத்துக்கு மட்டுமன்று, ஒரு மருத்துவமனைக்கே போதுமான செய்தி கிடைக்கும். மொழியியல் துறைகளோ, அழியும் நிலையிலுள்ள மொழியின் கடைசிப் பேச்சாளரைத் தேடி மலையேறப் பணம் கேட்கின்றன. ஏறட்டும், அது தேவையான பணியே. அதே மொழிபேசுபவர் மலையிலிருந்து விழுந்து கால் முறிந்து நகர மருத்துவமனைக்கு வரும்போது அவரோடு பேசுவதையும் யாரேனும் ஆய்வாகக் கருதட்டும்.

எலும்பு முறிவு என்றால் ஆந்திரத்தின் புத்தூருக்கு வண்டியேறும் மக்களைப் பற்றிப் பேசும்போது படித்த வட்டத்தின் குரலில் ஓர் ஏளனம் ஏறிவிடும். மூங்கில் தப்பையை இறுகக் கட்டும் வைத்தியத்தால் குருதியோட்டம் நின்று உறுப்பை இழந்தவர்கள் இந்தியாவெங்கும் உண்டு. அதை மறைத்துப் பழைமையைப் போற்றுவது பொறுப்பற்ற செயல். ஊடுகதிர்ப் படம் இல்லாமல் மூட்டு முறிவைக் கையால் தடவி முடிவு செய்வதும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் மக்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு ‘அறியாமை’ என்று ஒற்றைச் சொல்லில் விடை எழுதுபவர்கள், கட்டு கட்டுபவர் நோயாளியோடு எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. என்ன சாப்பிடலாம், எப்படிப் படுக்கலாம், எத்தனை நாளில் மறுகட்டு என்று அவர் சொல்கிறார். சொல்வதில் பாதி தவறாகவே இருக்கட்டும், கேட்பவருக்குப் புரிகிறது. சரியானதை அறிந்தவர்கள் புரியாத மொழியில் எழுதித் தருகிறார்கள். இந்தப் போட்டியில் மக்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதற்கு மானிடவியல் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது பெரிய திட்டமும் அன்று. மருத்துவக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அடுத்த மருத்துவருக்கு அது வேண்டும். நோயாளிக்கு உரியது வேறொரு தாள்: படத்தோடு, அவர் வீட்டில் யாரேனும் படித்துச் சொல்லக்கூடிய மொழியில். கட்டு போட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: ‘இன்றிரவு என்ன நடந்தால் திரும்பி வருவீர்கள்? நீங்களே சொல்லுங்கள்.’ அவர் சொல்வதில் வலியின் போக்கு வரவில்லையென்றால் இன்னொரு முறை சொல்ல வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை. வெள்ளை அங்கிக்கு முன்னால் இந்தியாவில் எந்த மொழிக்காரரும் ‘புரிந்தது’ என்றே தலையாட்டுவார். பேசத் தெரியாத குழந்தைக்குத் தாயிடம் தனியாகச் சொல்ல வேண்டும்: காரணமில்லாமல் அடங்காத அழுகை, மருந்து கொடுத்தும் மீண்டும் மீண்டும் சிணுங்கல், விரலைத் தொடவிடாமை ஆகியவையே குழந்தையின் சொற்கள். வீக்கம் வடிந்து கட்டு தொளதொளவென்று ஆனாலும் வர வேண்டும், உள்ளே எலும்பு நகர்ந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சொல்லி அனுப்பிய பிறகு, எஸ்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் இன்னொரு செய்தியும் எழுதப்பட வேண்டும்: எங்கே வருவது. புறநோயாளிப் பிரிவு நண்பகலோடு மூடிவிடும். சொன்னதைச் சொன்னபடி கேட்டு, நள்ளிரவு இரண்டு மணிக்குக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரிடம், ‘கட்டு போட்டால் வலிக்கத்தான் செய்யும், காலையில் ஓ.பி.க்கு வா’ என்று சொல்லாமல், கட்டையும் அதன் அடியிலுள்ள பஞ்சையும் தோல் தெரியும் வரை நீளவாக்கில் பிளந்துவிடும் அதிகாரமும் ரம்பமும் உள்ள ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதையும் அந்தச் சீட்டை எழுதுபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.